அமெரிக்காவில் மாதக் கட்டணக் குடும்ப டாக்டர்: எப்படித் தேடுவது, எப்படிப் பயன்படுத்துவது

அமெரிக்காவில் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனால், வரவேற்பறையில் காத்திருப்பது முக்கால் மணி நேரம், டாக்டர் கணினித் திரையைப் பார்த்தபடி நம்மிடம் பேசுவது பத்து நிமிடம், அப்புறம் ஒரு மாதம் கழித்து வரும் பில்லில் எவ்வளவு இருக்கும் என்று அந்த டாக்டருக்கே தெரியாது. கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே என்று பலரும் இதைப் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். வேறு ஒரு வழியும் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு இப்போது மாதக் கட்டணம் வாங்கும் ஒரு டாக்டர்தான், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) படித்தவர், தேவைப்பட்டால் கையாலேயே முதுகுவலிக்குச் சிகிச்சை செய்வார். நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

இந்த முறைக்குப் பெயர் டைரக்ட் பிரைமரி கேர், சுருக்கமாக டி.பி.சி. பெரியவர்களுக்கு மாதம் 50 முதல் 100 டாலர் வரை, வயதைப் பொறுத்து, பெரும்பாலான இடங்களில் வாங்குகிறார்கள். குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவு. பெரிய நகரங்களில் கூடுதலாகவும் இருக்கும். அந்தப் பணத்தை டாக்டருக்கு நேரடியாகக் கட்டுகிறோம், அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்புவதே இல்லை. பதிலுக்கு அரை மணி, ஒரு மணி என்று உட்கார்ந்து பேசலாம், அன்றே அல்லது மறுநாள் பார்க்கலாம், டாக்டரின் எண்ணுக்கே குறுஞ்செய்தி அனுப்பலாம், ஒவ்வொரு முறை போகும்போதும் கோபே (இன்ஷூரன்ஸ் இருந்தாலும் விசிட்டுக்கு விசிட் நாம் கட்டும் தொகை) கிடையாது. இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், இன்ஷூரன்ஸை நம்பி நடத்தும் டாக்டர் 2,000 பேருக்கு மேல் வைத்துக்கொண்டு, பில் போடவே தனியாக ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது, டி.பி.சி. டாக்டர் 400 முதல் 800 பேரோடு நிறுத்திக்கொள்கிறார். ஆக மாதக் கட்டணத்தில் நாம் வாங்குவது டாக்டரின் நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது சுலபம்.

கான்சியர்ஜ் மெடிசின் என்று ஒன்று இருக்கிறது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஆண்டுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் இன்ஷூரன்ஸுக்கும் பில் போடுவார்கள், விலையும் அதிகம்.

டி.ஓ. என்றால் யார்

"டி.ஓ.வா? எம்.டி. கிடைக்கவில்லையா?" என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் எம்.டி.தான் வழக்கமான டாக்டர் பட்டம், டி.ஓ.வும் அதே போல முழுமையான டாக்டர். நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதற்குப் பிறகு ரெசிடென்ஸி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி, 50 மாநிலங்களிலும் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமம். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரண்டு பிரிவினரின் ரெசிடென்ஸிக்கும் ஒரே அங்கீகார அமைப்புதான். இன்றைக்கு அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அவருக்கு டாக்டராக இருந்த ஷான் கான்லி, பைடனின் டாக்டர் கெவின் ஓ'கானர், இருவருமே டி.ஓ.தான். கலிபோர்னியாவில் 1962-ல் ஒரு சிறு வகுப்பும் 65 டாலர் கட்டணமும் முடித்த டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டத்தையே கொடுத்தார்கள் என்றால் இரண்டு படிப்புக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வந்த மரபு இது. மற்ற மருத்துவப் படிப்போடு சேர்த்து, தசை, மூட்டு, முதுகெலும்பு ஆகியவற்றைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்துச் சரிசெய்ய 200 மணி நேரம் அளவுக்குக் கூடுதல் பயிற்சி உண்டு. ஹோமியோபதிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்னொன்று, இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஆஸ்டியோபத் என்று பலகை மாட்டியிருப்பவர் கைச்சிகிச்சை செய்பவர், டாக்டர் கிடையாது. லண்டனில் இருக்கும் அண்ணன் சொன்னதை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள்.

டி.ஓ. படித்த எல்லோரும் கைச்சிகிச்சை செய்கிறார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவர்கள் படிப்பு முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் ஒருவரின் முதுகில் கை வைக்க நேரமே இருக்காது. டி.பி.சி. நடத்தும் டி.ஓ.விடம் அந்த நேரம் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே டாக்டரிடம் சேர்ந்து கிடைப்பதை நான் பெரிதாக நினைப்பது அதனால்தான்.

பணக் கணக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டி.பி.சி. இன்ஷூரன்ஸ் ஆகாது. குடல்வால் அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய், விபத்து எதையும் அது தாங்காது. ஆஸ்பத்திரிக்கான இன்ஷூரன்ஸை ரத்து செய்துவிட்டு டி.பி.சி.யை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரே ஒரு ஆஸ்பத்திரி இரவு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும்.

யாருக்கு இது லாபம்? டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள திட்டம் வைத்திருப்பவர்களுக்கு, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு, சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று அடிக்கடி டாக்டரிடம் போக வேண்டியவர்களுக்கு, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு. கம்பெனி நல்ல திட்டம் கொடுத்து, 20 டாலர் கோபேயில் பிடித்த டாக்டரையும் பார்க்க முடிகிறது என்றால் இதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: கணவன் மனைவிக்குத் தலா 80, இரண்டு குழந்தைகளுக்குத் தலா 20 என்றால் மாதம் 200 டாலர், வருடம் 2,400. போன வருடம் டாக்டர் விசிட், அர்ஜென்ட் கேர், ரத்தப் பரிசோதனை என்று கையிலிருந்து எவ்வளவு போனது என்று இன்ஷூரன்ஸ் தளத்தில் பார்த்து அதன் பக்கத்தில் வையுங்கள். கம்பெனித் திட்டத்தில் டிடக்டிபிள் குறைந்த திட்டத்திலிருந்து அதிகமுள்ளதற்கு மாறினால் பிரீமியத்தில் மிச்சமாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டி.பி.சி.யில் சேர்ந்தால் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதி போய்விடுமோ என்று ரொம்ப நாளாக ஒரு சிக்கல் இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதைத் தீர்த்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், மாதக் கட்டணம் ஒருவருக்கு 150 டாலருக்குள்ளும், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சேர்த்து 300 டாலருக்குள்ளும் இருந்தால் எச்.எஸ்.ஏ. தகுதி அப்படியே இருக்கும், கட்டணத்தையும் எச்.எஸ்.ஏ. பணத்திலிருந்தே கட்டலாம். இந்த வரம்பு விலைவாசிக்கு ஏற்ப மாறும். கட்டணத்துக்குள்ளேயே மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுக்கும் கிளினிக் என்றால் இந்தச் சலுகை சிக்கலாகும், தடுப்பூசிக்கு மட்டும் விலக்கு உண்டு. மாத்திரைக்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் எச்.எம்.ஓ. வகையா என்பதையும் பாருங்கள். எச்.எம்.ஓ.வில் ஸ்பெஷலிஸ்டிடம் போக அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர்தான் ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) எழுத வேண்டும், டி.பி.சி. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஏற்காமல் போகலாம். ரெஃபரல் கேட்காத பி.பி.ஓ. வகை என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதே மாதிரி, டி.பி.சி. வழியாக ரொக்க விலைக்கு எடுக்கும் பரிசோதனைகள் டிடக்டிபிள் கணக்கில் சேராது. அந்த வருடம் பெரிய அறுவை சிகிச்சை ஏதாவது வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பரிசோதனைகளை இன்ஷூரன்ஸ் வழியாகச் செய்வதே மேல். மற்றபடி ரொக்க விலைதான் அடிமாட்டு விலை: மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொலஸ்ட்ரால் போன்றவற்றைப் பல டி.பி.சி. கிளினிக்குகள் சில டாலர்களுக்கே செய்து கொடுக்கின்றன.

தேடுவதும் பேசிப் பார்ப்பதும்

டி.பி.சி. ஃப்ரன்டியர் என்ற தளத்தில் நாடு முழுவதுக்குமான வரைபடம் இருக்கிறது, உங்கள் ஊரைப் போட்டால் பக்கத்தில் யார் யார் என்று காட்டும். இரண்டு மூன்று பேரைக் குறித்துக்கொண்டு, மாநில மருத்துவ வாரியத் தளத்தில் உரிமத்தைச் சரிபாருங்கள், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் அங்கே தெரியும். கலிபோர்னியா, ஃபுளோரிடா, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம். எம்.டி. வாரியத்தில் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் சேருவதற்கு முன் இலவசமாக ஒருமுறை சந்தித்துப் பேசுவார்கள். அந்தச் சந்திப்புக்குப் போகாமல் சேராதீர்கள். எத்தனை நோயாளிகள் இப்போது இருக்கிறார்கள், எத்தனையோடு நிறுத்துவார் என்று முதலில் கேளுங்கள். தயங்காமல் எண்ணைச் சொல்பவரை நம்பலாம். அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்கள்? இது ஒற்றை டாக்டர் கிளினிக்குகளின் பலவீனமான இடம், இதற்குத் தெளிவான பதில் வர வேண்டும். இரவிலும் சனி ஞாயிறிலும் செய்திக்கு யார் பதில் சொல்வார்? தையல் போடுவது, மச்சத்தைச் சிறிது வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவது, மூட்டில் ஊசி போடுவது கட்டணத்துக்குள்ளா வெளியேயா? கைச்சிகிச்சை செய்வாரா, அதற்குத் தனிக் கட்டணமா? குழந்தைகளுக்குத் தடுப்பூசி வைத்திருக்கிறாரா? சிறிய கிளினிக்குகள் பலவற்றில் தடுப்பூசி இருக்காது, மருந்துக்கடைக்கோ கவுண்டி சுகாதாரத் துறைக்கோ போகச் சொல்வார்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது பெரிய அலைச்சல். மருந்தை மொத்த விலைக்குக் கிளினிக்கிலேயே கொடுப்பாரா என்பது மாநிலத்தைப் பொறுத்தது, டெக்சாஸ், நியூயார்க், நியூஜெர்சி போன்றவற்றில் டாக்டர் மருந்து விற்பதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள், ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, முன்பணம் திரும்புமா, மறுபடி சேர்ந்தால் அபராதம் உண்டா, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னாலும் முதல் சில மாதங்கள் மாதாமாதமே கட்டுங்கள். 65 வயதுக்கு மேல் மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ்) வைத்திருப்பவர் என்றால் டாக்டர் மெடிகேரிலிருந்து விலகியவரா என்று கேளுங்கள். விலகியவர் என்றால் அவரிடம் தனி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எழுதும் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் மெடிகேர் வழக்கம் போலப் பணம் கொடுக்கும்.

கைச்சிகிச்சை மேசையில் என்ன நடக்கும்

கீழ் முதுகு பிடித்துக்கொண்டு போனபோது எங்கள் டாக்டர் முதலில் கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார்: எப்போது ஆரம்பித்தது, காலுக்கு இறங்குகிறதா, மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறாய். அப்புறம் நிற்க வைத்து, இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தெரியும் எலும்பு முனைகளில் கட்டைவிரல்களை வைத்துக்கொண்டு மெல்லக் குனியச் சொன்னார். வலப்பக்கக் கட்டைவிரல் இடதைவிட முன்னாடியே மேலே ஏறியது என்று சொன்னார். மேசையில் படுக்க வைத்து, காலை ஒரு நிலையில் பிடித்துக்கொண்டு, அவர் கைக்கு எதிராக லேசாகத் தள்ளச் சொன்னார், ஐந்து விநாடி, தளர்த்து, அவர் காலை இன்னும் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி தள்ளு. மூன்று நான்கு தடவை. சொடக்கு எடுக்கும் சத்தம் எதுவும் இல்லை, வலியும் இல்லை. எழுந்து குனிந்தபோது கை முன்பைவிடக் கீழே போனது. மறுநாள் ரொம்ப நாள் கழித்து மண்வெட்டி பிடித்தவனைப் போல உடம்பு வலித்தது, இப்படி ஒன்றிரண்டு நாள் வலிப்பது சகஜம், நிறையத் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் நடந்தால் போதும். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தார், அவற்றைச் செய்யாவிட்டால் பலன் நிற்காது.

சொடக்குப் போட்டுத் திருப்பும் முறையும் அவர்களிடம் உண்டு. எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, முடக்குவாதம், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் இதில் எது இருந்தாலும் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கழுத்தைச் சட்டென்று திருப்புவதில் அபூர்வமாக ரத்தக் குழாய் கிழியும் அபாயம் இருக்கிறது. எனக்கு வேண்டாம், மெதுவான முறையில் செய்யுங்கள் என்று கேட்கலாம், நல்ல டாக்டர் உடனே ஒத்துக்கொள்வார்.

இதற்கு ஆதாரம் எவ்வளவு? முதுகுவலிக்கு ஓரளவு இருக்கிறது. 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்டியோபதி சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமானார்கள், ஆனால் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மாத்திரை குறைவாகவே தேவைப்பட்டது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் தந்த வழிகாட்டுதலும் முதுகுவலிக்கு முதலில் மருந்தில்லாத வழிகளை முயலச் சொல்லி, முதுகெலும்புக் கைச்சிகிச்சையை அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மண்டையோட்டு எலும்புகளை லேசாக அழுத்திச் செய்யும் முறைக்கு இந்த அளவு ஆதாரம் இல்லை, நான் அதற்குப் பணம் கொடுக்க மாட்டேன்.

தொடைகளுக்கு நடுவில் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, காலில் திடீர் பலவீனம், காய்ச்சலோடு முதுகுவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். டாக்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலிக்கும் பக்கவாத அறிகுறிக்கும் இதேதான், முதலில் 911.

சேர்ந்த பிறகு

செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டால் பாதி விசிட் மிச்சம். "பையனுக்கு உடம்பு சரியில்லை டாக்டர்" என்று மட்டும் அனுப்பினால் பத்து கேள்வி திரும்பி வரும். இப்படி எழுதுங்கள்: "மகன், 6 வயது, 20 கிலோ. நேற்று மாலையிலிருந்து காய்ச்சல், காதில் வைத்துப் பார்த்ததில் 102.4. காலை 7 மணிக்கு டைலனால் கொடுத்தோம், குறைந்து மறுபடி ஏறியது. தண்ணீர் குடிக்கிறான், சிறுநீர் போகிறான். வயிற்றில் சிவப்புத் தடிப்பு, படம் இணைத்திருக்கிறேன்." படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து, அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

முதல் பெரிய விசிட்டில் நம் உடம்புக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். ஆசிய வம்சாவளியினருக்குப் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 23-லிருந்தே சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்கிறது, மற்றவர்களுக்கு அது 25. தெற்காசிய வம்சாவளி என்பதையே மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. அதனால் அப்பா, சித்தப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கோ பள்ளிக்கோ காசநோய்ப் பரிசோதனை கேட்டால், சின்ன வயதில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டிருக்கிறோம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனையாகவே கேளுங்கள், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை நமக்கு வீணாக பாசிட்டிவ் காட்டக்கூடும். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையை மட்டும் அரசு அங்கீகரித்த சிவில் சர்ஜன்தான் செய்ய முடியும், உங்கள் டாக்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். விசிட்டர் இன்ஷூரன்ஸில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குப் பணம் தராது. சில டி.பி.சி. டாக்டர்கள் வருகிறவர்களைக் குறுகிய காலத்துக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள், முன்கூட்டியே பேசிவையுங்கள். மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து, பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரையும் எழுதுங்கள்: கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின், டெல்மா என்றால் டெல்மிசார்டன், எக்கோஸ்பிரின் என்றால் ஆஸ்பிரின், தைரோநார்ம் என்றால் லீவோதைராக்சின், டோலோ என்றால் இங்கே அசிட்டமினோஃபென். கிளிக்லசைடு, வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவை அமெரிக்க மருந்துக்கடைகளில் கிடைக்காது. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் தங்கும் காலம் முழுவதுக்கும் சீட்டோடு கொண்டு வரட்டும், தீர்ந்துபோனால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். அவசரமாகப் பாதியில் மாற்றுவதைவிட வந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டிவிடுவது நல்லது, அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா தமிழில் சொல்வதை நீங்கள் நிதானமாக மொழிபெயர்க்கவும் நேரம் இருக்கும்.

ஊர் மாறினாலோ கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றாலோ விலகுவதற்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், கார்டில் தானாகப் பிடிப்பதை நிறுத்திவிட்டார்களா என்று அடுத்த மாதம் பாருங்கள். மருத்துவப் பதிவுகளின் நகல், தடுப்பூசிப் பட்டியல், கடைசியாக எடுத்த பரிசோதனை முடிவுகள் மூன்றையும் விலகும் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். சிறிய கிளினிக்குகள் சில நேரம் மூடிவிடுகின்றன, 2007-ல் சியாட்டிலில் பெரிதாகத் தொடங்கிய கிளையன்ஸ் என்ற டி.பி.சி. நிறுவனமே 2017-ல் மூடிவிட்டது. எனவே விலகும் எண்ணம் இல்லாதவர்களும் வருடத்துக்கு ஒருமுறை இந்த நகல்களை வாங்கித் தங்களிடம் வைத்துக்கொள்வது நல்லது.